கஷ்டம் தெரிய எடுத்த படங்கள்

டயருக்கு மேக்கப் போடச் சொன்ன ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் போன் இருப்பதால் அந்த வழியில் எனக்குப் பிழைப்பில்லை. ஆடி மாசம் ஒரு காலையில் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார் அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளர். பள்ளிக்கூடம், கல்லூரி, பேங்க் ஊழியர் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவர். அவர் எதில் ஜெயித்தார் என்பதை மட்டும் கடைசிவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திருவண்ணாமலை ரோட்டில் போலீஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற மைதானம் ஒன்று இருக்கிறது. மைதானம் என்றால் முள் வெட்டிய பொட்டல்தான். அங்கே கிடக்கும் சாமான்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துன்பத்தின் பெயர் வைத்து, ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் அடித்து, கல்யாண மண்டபத்தில் மாட்டி, அதற்கு முன்னால் நின்று பேசப் போகிறாராம்.

"டயர் இருக்குதில்ல சார், அது குடும்ப பாரம். தாண்டுற கட்டை சோதனை. கயிறு விடாமுயற்சி. மணல் மூட்டை பழைய தோல்விங்க. எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட்ல வேணும்."

"கலர்ல எடுத்தா இன்னா சார்?"

"கலர்ல கஷ்டம் தெரியாது சார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மத்தியானம் கேமரா பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முந்தின நாள் பெய்த மழையில் டயர் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று கிடந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சேற்றை அள்ளிப் பூசச் சொன்னார். பூசினேன். அதிகமாகிவிட்டது என்றார். துடைத்தேன். அதன் மேல் தண்ணீரைத் தெளித்து, கண்ணீர் வழிகிற மாதிரி ஒரு கோடு வேண்டும் என்றார். லாரி டயர் அழுது நான் பார்த்ததில்லை, இருந்தாலும் கோடு இழுத்தேன். தாண்டும் கட்டை பிளாஸ்டிக் குழாயில் செய்தது. பிளாஸ்டிக் என்று தெரியக்கூடாது என்றார். தரையில் படுத்து, கேமராவைக் கீழே வைத்து எடுத்தேன். முழங்கால் உயரக் கட்டை, பின்னால் இருந்த ராஜகிரிக் கோட்டை மலையை விட உயரமாகப் படத்தில் நின்றது. அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. மூன்று மணி நேரமும் மனிதர் வேப்பமர நிழலை விட்டு வெளியே வரவில்லை. காலில் முள் குத்திவிடும் என்று பயம்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் மணல் மூட்டை பிணம் மாதிரி தெரியும் என்று கண்டுபிடித்தது நான்தான். கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நாலரை மணிக்குப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண் இடுப்பில் கயிற்றைக் கட்டி, நாங்கள் சேறு பூசி வைத்த டயரையே இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பனமலைப் பக்கத்து ஊர். டிகிரி முடித்தவள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், அடுத்த மாசம் ஓட்டத் தேர்வு. அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இதையெல்லாம் பேச்சாளர் ஐந்து நிமிஷத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் அவள் காலைப் பார்த்தார். நீல நிற ஷூ, ஆரஞ்சு லேஸ்.

"ஏம்மா, அந்த ஷூவக் கழட்டிட்டு ஒரு தடவை இழும்மா."

"எதுக்கு சார்?"

"போட்டோவுக்குத்தான். வெறுங்கால்ல இருந்தாத்தாம்மா பாக்குறவங்களுக்கு உன் கஷ்டம் தெரியும்."

"எனக்குத் தெரியுதே சார், போதாதா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எடுக்கறதுன்னா இப்டியே எடுத்துக்கங்கண்ணா. ஷூவோட."

எடுத்தேன். நல்ல படம். உதட்டைக் கடித்தபடி, தரையைப் பார்க்காமல் எதிரே பார்த்து ஓடுகிறாள்.

காரில் ஏறும்போது அவர் என் தோளைத் தட்டினார். "கம்ப்யூட்டர்ல பாத்துக்கங்க சார். அந்த ஷூ மட்டும் இல்லாம."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஆளைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த நான், மறுநாள் என் மனைவியை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தேன். ஒரு விளம்பரத்துக்கு என்று பொய் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, காலில் புழுதி தடவி, நடக்கிற மாதிரி நிற்க வைத்துப் பல கோணங்களில் எடுத்தேன். பிறகு மவுஸைப் பிடித்து அந்தப் பெண்ணின் ஷூவை ஓரம் ஓரமாக அழித்தேன். அந்த இடத்தில் மனைவியின் பாதங்களை ஒட்டினேன். ஒட்டுத் தெரியவில்லை. தொழிலில் நான் மோசமில்லை.

இரண்டு பிளெக்ஸ் அடித்தார்கள். ஒன்று மண்டபத்துக்கு. இன்னொன்று பஸ் ஸ்டாண்டில், என் கடை வாசலில் நின்றாலே தெரிகிற இடத்தில். அடியில் பேச்சாளரின் சொந்தச் சரக்கு: காலுக்குச் செருப்பில்லை, கனவுக்குக் குறைவில்லை.

முதலில் பார்த்தது என் மனைவி. மார்க்கெட்டிலிருந்து கடைக்கு வந்தவள் கூடையை இறக்கி வைக்கவே இல்லை.

"எங்காலு எதுக்கு அந்தப் பொண்ணு ஒடம்புல தொங்குது?"

சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கழட்ட மாட்டேன்னு சொல்லிச்சா?"

"ஆமா."

"அப்பறமும் பண்ணியிருக்கற. ஒன் காலையே போட்டுக்கறதுதானே. அதுக்கு மனசு வரலியா?" கூடையோடு திரும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பெண் வந்தது அதற்கு மறுநாள், அப்பாவோடு. அவர் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் துண்டு, முடியெல்லாம் உமி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவள்தான் பேசினாள்.

"அது யாரு காலுண்ணா?"

"எங்க வீட்ல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாது."

"எங்க ரெண்டு பேரையுமே கேக்கல நீங்க." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாரிம்மா என்றேன். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டாலும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்புறம் அப்பா பேசினார்.

"நீங்க யாரு மவன்னு எனக்குத் தெரியும் சார். ஒங்க ஊரும் தெரியும். எங்கப்பா ஒங்க தெரு மொனைக்கு வந்தா செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்குவாரு. தெருவத் தாண்டுனப்புறம்தான் கால்ல போட்டுக்குவாரு. நான் சின்னப் புள்ள, பின்னாலயே போயிருக்கறேன். இந்தப் புள்ளைக்கு ஷூ வாங்கியாந்து, மொத நாளு நாந்தான் லேஸு கட்டி வுட்டேன். அத எப்டி சார் நீங்க எடுத்தீங்க?"

அவர் சொன்ன தெரு எங்கள் வீடு இருக்கிற தெரு. அந்த விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை மரியாதை என்ற பெயரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போயிருக்கிறேன். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துதான் மவுஸால் அந்த ஷூவை அழித்தேன். அப்போது எனக்கு அந்தத் தெரு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வர வேண்டிய அவசியம் என்னைப் போன்றவர்களுக்கு இருந்ததில்லை.

"ஷூவோட வேற அடிச்சு மாட்டிடறேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். எறக்குங்க, போதும்" என்றாள்.

பேச்சாளருக்குப் போன் போட்டேன். செய்தியைக் கேட்டதும் அவர் குரலில் கருணை வந்துவிட்டது. "அந்தப் பொண்ணுக்குப் புரியல சார். இது அவங்களப் பத்தின படமே இல்ல. ஷூங்கறது வசதி, வெறுங்கால்ங்கறது வைராக்கியம். பின்னால அவங்களே வந்து நன்றி சொல்வாங்க பாருங்க." நான் பிளெக்ஸை இறக்கப் போகிறேன் என்றேன். டென்ஷன் ஆகாதீங்க என்றார். போனை வைத்துவிட்டேன்.

பகல் பதினோரு மணி. பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் ஏணி வாங்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸின் கயிறுகளை அறுத்தேன். மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார். அப்பாவும் மகளும் எதிர்ப்பக்கம் நின்று, அது கீழே விழும்வரை பார்த்தார்கள். மகள் கிட்டே வந்து தன் படத்தை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். மண்டபத்தில் இருந்ததையும் அன்றைக்கே இறக்கினேன். என் கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் எதிரிலேயே அழித்தேன். ஷூவோடு இருந்த நல்ல படத்தையும் அழிக்கச் சொன்னாள். அழித்தேன்.

கூட்டம் நடக்காமல் போகவில்லை. காலியாக இருந்த இடத்தில் டயர் படத்தையே இன்னொன்று மாட்டிக்கொண்டார்கள். பின் வரிசையில் நின்று கேட்டேன். ஏசி ஹாலில், வியர்க்காத நெற்றியை வெள்ளைக் கைக்குட்டையால் ஒற்றியபடி, மனிதர் குடும்ப பாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் தண்ணீரில் போட்ட கோட்டைக் காட்டி, இந்தக் கண்ணீரைப் பாருங்கள் என்றார். கை தட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் உண்மையாகவே அழுதார். பாதியில் வெளியே வந்து டீ குடித்தேன்.

அவள் ஓட்டத்தில் தேறினாள். இதை அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, மைதானத்துப் பிள்ளைகள் ஐடி கார்டு போட்டோவுக்கு வந்தபோது பேசிக்கொண்டார்கள். வேலைக்குச் சேர அவளுக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டியிருந்தது. அதற்கு அப்பாவோடு வந்தவள், என் கடையைத் தாண்டி நாலு கடை தள்ளி இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவுக்குப் போனாள். அந்த ஆளுக்கு லைட்டே வைக்கத் தெரியாது. முகத்தில் பாதி இருட்டாகத்தான் விழும்.

கவரோடு வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் அசைக்கவில்லை. பனமலை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.