கப்பல் காத்திருக்கட்டும்

அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டபோது நான் கடையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில், இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கும் சின்னக் கடை என்னுடையது. போனைத் துணி ரோலில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

"சின்னம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்கதான் கரெக்டா சொல்லுவீங்க. இது கொடுக்கற காசுக்கு வொர்த்தா?"

அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன்; அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். கோத்தகிரியில் இருக்கும் தன் அம்மாவை, அதாவது என் அக்காவை, சென்னையிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் ஐந்து நாள் கூட்டிவரப் போவதாக முன்பே சொல்லியிருந்தான். அதில் ஒரு நாள் கொழும்பு. கப்பலில் சாப்பாடும் படுக்கையும் டிக்கெட்டோடு சேர்ந்தது. ஆனால் கரையில் இறங்கி எங்காவது போக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. கண்டிக்கு பஸ்ஸில் போய்வருவது ஒரு தொகை. அதற்கு மேலும் காசு கட்டினால், கண்டியிலிருந்து சின்ன பஸ்ஸில் ஒரு தேயிலைத் தோட்டம்.

அவன் வாசித்தான். "தேயிலை பறிக்கும் அனுபவம். பாரம்பரிய உடை, கூடை, புகைப்படம், ஒரு கோப்பை தேநீர்." பிறகு தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

ஊசி விரலில் ஏறிவிட்டது. தெல்தோட்டைப் பக்கம் இருக்கும் அந்தத் தோட்டத்தில்தான் அக்காவும் நானும் பிறந்தோம். எங்கள் அம்மா அந்த மலையில் கொழுந்து பறித்தாள். அந்த மலைக்கு அடியில்தான் அவளைப் புதைத்திருக்கிறோம்.

"ஒரு சதம் கட்டாத!" என்று கத்தினேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பெத்தவ ரத்தம் சிந்துன மலைக்கு டிக்கெட் எடுத்துப் போறதா? அந்த ஊரு தண்ணிய குடிச்சு வளர்ந்தவளுக்கு ஒரு கோப்பை டீயாம்! உங்கம்மாகிட்ட குடு போன."

அக்கா திரையில் வந்தாள். நெற்றிதான் தெரிந்தது. அவளுக்குப் போனை எங்கே பிடிப்பதென்று இன்னும் பிடிபடவில்லை.

"ஏன்க்கா, நாப்பது வருஷம் கூலிக்குப் பறிச்சவ, இப்ப காசு குடுத்துப் பறிக்கப் போறியா?"

அவள் சிரித்தாள். இங்கிருந்து போன பிறகும் கோத்தகிரியில் போன வருடம்வரை கொழுந்து பறித்தவள் அவள்.

நான் விடவில்லை. வேன் பிடித்துக் கொழும்புத் துறைமுக வாசலுக்கே வருகிறேன், நேராகத் தோட்டத்துக்குப் போகலாம், வேஷமும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம், அவர்கள் கேட்கும் காசில் பாதிகூட ஆகாது என்று அடுக்கினேன். எனக்குக் கோபம் வந்தால் கணக்கு நன்றாக வரும்.

அக்கா மகன்தான் குறுக்கே வந்தான். "அதுல ஒரு சிக்கல் இருக்கு சின்னம்மா. கப்பல்காரங்க டூர்ல போனா, எவ்வளவு லேட்டானாலும் கப்பல் காத்திருக்கும்னு எழுதியிருக்கு. நாமளா போய் லேட்டானா விட்டுட்டுப் போயிடுவாங்க."

"விட்டுட்டுப் போனா போகட்டும். அவ ஊருதானே? என் வீட்டுல இருக்கட்டும்."

திரையில் நெற்றி அசைந்தது. "காத்திருக்கும்னு எழுத்துல இருக்காடா?" என்று அக்கா தன் மகனைக் கேட்டாள்.

"இருக்கும்மா."

"அப்ப அதையே போடு. தேயிலத் தோட்டத்தையும் சேத்துப் போடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தத் தொகை, நான் ஒரு மாதம் முதுகொடியத் தைத்தாலும் கைக்கு வராது. அது கிடக்கட்டும். என் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது என்பதுதான் என்னைக் குடைந்தது. சிறு வயதில் அட்டை கடித்தால்கூடக் குனிந்து பார்க்காதவள், இப்போது கப்பலைத் தவறவிடப் பயந்து, சொந்த மண்ணைக் காட்டக் காசு வாங்குகிறவர்களிடம் போய் நிற்கிறாள் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அதைச் சொல்லுமுன் அவள் போன கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த மலைநாட்டில் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. அக்கா கட்டிப்போன வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எங்களுக்கு இந்த நாடு என்றார்கள். அக்காவுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பதினொன்று. கண்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி அவர்கள் போக வேண்டும். தோட்டத்திலிருந்து கண்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போக ஒரு லொறி பேசியிருந்தார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு வரும் என்றார்கள்.

இரண்டு மணிதானே என்று அம்மா காலையில் மலைக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். தோட்டத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். வேலைக்குப் போனால்தான் பேர், அதாவது அன்றைய கூலி. பறித்த கொழுந்தை நிறுத்து எழுதினால்தான் அது வேலை. நிறுக்காமல் இறங்கிவிட்டால் காலையெல்லாம் குனிந்தது குனியாததுதான், அரைப் பேர்தான் விழும்.

லொறி பன்னிரண்டு மணிக்கே வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அப்போது அம்மா மேலே தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் ஏழெட்டுப் பேர். ஹோர்ன் அவளுக்குக் கேட்டது. நிறுத்துவிட்டு ஓடிவிடலாம், பத்து நிமிடம்தானே, பெற்றவள் வராமல் எப்படிப் போவார்கள் என்று நின்றாள். என் அம்மா வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அதுதான். அதுவும் அவளுக்குத் துரைமார் பழக்கிவிட்ட பிழை.

கீழே அக்கா லொறிக்காரரைக் கெஞ்சினாள். "அண்ணே, பத்து நிமிஷம். எங்கம்மா வந்துரும்."

"கோச்சி நிக்காதும்மா. கப்பலும் நிக்காது. நான் எப்படி நிக்கிறது?" என்றார் அவர்.

அம்மா வெறுங்கூடை முதுகில் குலுங்க ஓடிவந்தபோது ரோட்டில் புழுதிதான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அவளுக்கு முழுப்பேர் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். "நிறுத்துட்டு வந்திருக்கக் கூடாதுடி" என்று சோறு போடும்போதும் சொல்வாள், தலை வாரும்போதும் சொல்வாள். அவள் செத்த செய்தி அக்காவுக்குக் கடிதத்தில் போய்ச் சேர ஒரு மாதம் ஆனது.

கப்பல் வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு, தெல்தோட்டை பஸ் பிடித்து, சின்ன பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தோட்டத்துக்குப் போய்விட்டேன். சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய மலைக்கு இப்போது கேற் இருக்கிறது. வாசலில் நின்றவன் "டிக்கெட் இருக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"என் தொப்புள் கொடி அந்த லயத்து வீட்டுக்குப் பின்னாலதான் கிடக்கு. அதுக்கு டிக்கெட் இருக்கான்னு உங்க துரையக் கேட்டுட்டு வா. நான் உள்ள நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் பின்னால் வரவில்லை.

பஸ் வந்தது. பதினைந்து பேர் இறங்கினார்கள். கடைசியில் அக்கா, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. நாற்பது வருடத்துக்கு மேல் போட்டோவிலும் போனிலும் பார்த்த முகம். நாங்கள் கட்டிப்பிடித்து அழுததைப் பற்றி எழுத மாட்டேன். அது எங்களுக்குள் இருக்கட்டும். வழிகாட்டியாக வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க கண்டிக்காரர், நல்ல மனுஷன்தான். "அம்மாமார், நாற்பது நிமிஷம்தான் டைம். முதல்ல உடுப்பு" என்றார்.

ஒரு கொட்டகையில் உடுப்புகள் தொங்கின. எல்லாம் ஒரே சிவப்பு. கொசுவத்தை முன்கூட்டியே தைத்து, இடுப்பில் இலாஸ்டிக் வைத்து, பாவாடை போல ஏற்றிக்கொள்கிற சேலைகள். விளிம்பு மடிக்காமல் விட்டிருந்தார்கள். தையல்காரி என்ற முறையிலும் எனக்கு வயிறு எரிந்தது.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "படங்கு எங்க?" என்று கேட்டாள்.

உடுப்புக் கொடுத்த பெண்ணுக்கு விளங்கவில்லை. தேயிலைக் கட்டை குத்தாமல், அட்டையும் ஈரமும் ஏறாமல், இடுப்பிலிருந்து முழங்கால்வரை சுற்றிக் கட்டுகிற தடித்த துணிதான் படங்கு. அது இல்லாமல் எங்கள் அம்மா ஒரு நாளும் மலையில் கால் வைத்ததில்லை. அது போட்டோவுக்கு அழகாக இருக்காது என்று விட்டிருப்பார்கள். அக்கா அந்தச் சேலையை மடித்து வைத்துவிட்டு, வழியில் வாங்கியிருந்த புதுத் துவாயைத் தன் சேலைக்கு மேல் சுற்றி முடிந்துகொண்டாள். கூடையை மட்டும் எடுத்தாள்.

சென்னைக்காரர்கள் முற்றிய இலையெல்லாம் பிய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காசு கட்டியது சிரிக்கத்தானே. அக்கா இரண்டு நிரை தள்ளிப் போய் நின்றாள். அறுபதைத் தாண்டிய அந்தக் கை இரண்டும் இலைமேல் போனபோது சிரிப்புச் சத்தம் குறைந்தது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாக முதுகுக்குப் பின்னால் கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த அனுபவத்தின் கடைசி அயிட்டம் தராசு. கூடையை நிறுத்து, எவ்வளவு பறித்தீர்கள் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். வரிசையாக வரச் சொன்னார்கள். அக்காவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவள் வரிசையையும் தராசையும் பார்த்தாள்.

"வாங்கம்மா, நீங்கதான் இன்னிக்கு ஃபர்ஸ்ட். முன்னுக்கு வாங்க, நிறுப்போம்" என்றார் தராசுக்காரர்.

"நிறுக்க வேணாம்" என்றாள் அக்கா.

"ஐயோ, அட்டை எல்லாம் தருவோமே. சும்மா ஒரு ஞாபகத்துக்கு."

"எனக்கு ஞாபகம் இருக்கு. நிறுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு திரும்பி, கீழே இறங்கும் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினாள். பாதையை யாரும் காட்டவில்லை. நானும் அவள் மகனும் பின்னால் ஓடினோம்.

ஓடைப் பக்கம், பத்துப் பதினைந்து புதைகுழி மேடுகளுக்கு நடுவில், நான் நட்டு வைத்த குரோட்டன் செடி என் உயரத்துக்கு நின்றது. அக்கா கூடையை இறக்கி, கொழுந்து முழுவதையும் அம்மாவின் மேல் கொட்டினாள். பச்சை வாசம் குப்பென்று அடித்தது. பிறகு படங்காகக் கட்டிய துவாயோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வழிகாட்டி மூச்சு வாங்க இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார், அதற்காக அவரை மன்னித்தேன். "அம்மா, பஸ்ஸில எல்லாரும் ஏறிட்டாங்க. கண்டியில பெரிய பஸ் நிக்குது. இப்ப போனாத்தான் கப்பலுக்குச் சரியாப் போகலாம்."

அவரை ஒரு பிடி பிடிக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

"தம்பி, நாங்க பிந்துனா கப்பல் போயிருமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "போகாது. எங்க டூர்னா நிக்கும். ஆனா..."

"எழுத்துல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நிக்கட்டும். அதுக்குத்தான் காசு கட்டுனேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காசு கூடைக்கும் இல்லை, தேநீருக்கும் இல்லை. அன்றைக்குக் கெஞ்சியும் கிடைக்காத பத்து நிமிடத்தை அவள் இப்போது விலைக்கு வாங்கியிருந்தாள். என் வேனில் வந்திருந்தால் இந்நேரம் அவளை நானே கிளம்பு கிளம்பு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பேன்.

வழிகாட்டி கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மேலே ஹோர்ன் அடித்தது. அக்கா என்னைப் பார்த்து, "நீயும் உக்காருடி" என்றாள். நான் உட்கார்ந்தேன். மறுபடி ஹோர்ன் அடித்தது.

"பத்து நிமிஷம் நில்லுங்கண்ணே" என்று அக்கா மலையைப் பார்த்துச் சொன்னாள். "எங்கம்மா வந்துருச்சு."

ஹோர்ன் நின்றது. நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.