களவா மீன் பார்த்த கை

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் களவா மீன்களுக்கு நிறம் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் ஒரு நீலத் தட்டும் ஒரு மஞ்சள் தட்டும் தொங்கும். மீன் நீலத்தை முட்டினால் இறால் துண்டு. மஞ்சளை முட்டினால் ஒன்றும் கிடையாது. தட்டுகளை அடிக்கடி இடம் மாற்றுவோம். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். தட்டைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று இறால் போடுவது அக்காவின் வேலை.

அக்கா ஒப்பந்த ஊழியர். கணவர் விசைப்படகில் போகிறவர். என் வழிகாட்டியான பேராசிரியர் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் உரிமையோடு ஏளா. தொட்டியில் இருந்த ஒவ்வொரு மீனையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்வார். எனக்குத் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர். மீன்களெல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

மீன்கள் நீலத்தைப் பிழையில்லாமல் தேர்ந்தெடுத்தன. ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியானது. பேராசிரியர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா வலது கையில் கட்டோடு வந்தார். அரிவாள்மனை வெட்டிவிட்டதாம். அன்று முழுக்க இடது கையிலேயே இறாலை வைத்துக்கொண்டு நின்றார். நீலம் எந்தப் பக்கம் இருந்தாலும் மீன்கள் அவருடைய இடப்பக்கமே போயின.

"ஏளா, மீனு தட்டப் பாக்கல. எறா எந்தக் கையில இருக்குன்னுதான் பாக்குது," என்றார்.

அதுவரை நீலம் இருக்கும் பக்கத்துக் கையில்தான் இறால் இருந்திருக்கிறது. அவருக்கு அதுதான் வசதி. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கட்டுப் பிரித்ததும், வேண்டுமென்றே மஞ்சள் பக்கத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றுவிடாமல் எல்லா மீனும் மஞ்சளுக்குப் போனது. "எல்லாம் தப்பாப் போச்சுக்கா," என்றேன். அக்கா சிரித்தார்.

"இதுல என்ன தப்பு? நாம நெனச்சதவிட மீனு புத்திசாலின்னுதானே ஆவுது."

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "கட்டுரை வந்தாச்சு. உனக்கு உதவித்தொகை இன்னும் நாலு மாசம். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறியா?" என்று கேட்டார். நான் வெளியே வந்தேன். அக்காவிடம், "யார்ட்டயும் சொல்லாதீங்க," என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்த் தேர்வாளர் மீன்களைப் பார்க்க ஆசைப்பட்டார். அக்கா பழையபடி நீலப் பக்கத்துக் கையில் இறாலை வைத்திருக்க, மீன்கள் நீலத்துக்கே போயின. அவர் மகிழ்ந்துபோய் அக்காவிடம், "நீங்கதான் பழக்குனீங்களா?" என்று கேட்டார். என்னைப் பாராமலே அக்கா உண்மையைச் சொன்னார். இறாலைக் கை மாற்றிக் காட்டவும் செய்தார். மீன் மஞ்சளை முட்டியது. தேர்வாளர் இன்னொரு தடவை கை மாற்றச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஆய்வேட்டுல இதுக்கு ஒரு விளக்கம் எழுதிச் சேத்துருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பேராசிரியர் சொல்லச் சொல்ல அந்த விளக்கத்தை என் கையால் எழுதினேன். உதவியாளர் செய்முறையை மீறி மீன்களுக்குச் சைகை காட்டிவிட்டார், அந்தச் சில பதிவுகளை நீக்கிவிட்டோம் என்று. அதையே அலுவலகத்துக்கும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அந்த மாதத்தோடு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. எனக்குப் பட்டம் வந்தது. கல்லூரி வேலையும் கிடைத்தது. விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்று இப்போது பாடம் நடத்துகிறேன்.

போன வருடம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாராம். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"அக்கா, அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஆபீஸ்ல காட்டுனாவ. பாத்த ஒடனே ஒன் எழுத்துன்னு தெரிஞ்சிட்டு." பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "நான் என்ன சைகை காட்டுனேன், ஏளா?" என்றார்.

அவருடைய பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி அந்த ஆய்விதழுக்கு எழுத வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இன்னும் எழுதவில்லை. சென்ற வாரம் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். வெளியீடுகள் என்ற இடத்தில் அந்தக் கட்டுரையைத்தான் முதலாவதாகக் காட்டியிருக்கிறேன்.