கேமிங் பெட்டி விற்ற ஒரு சாரல் காலம்

கம்ப்யூட்டர் கடையில் பொருள் விற்பது லேசான வேலை. இந்தப் பொருள் அந்தப் பொருளோடு சேராது என்று காசோடு வந்து நிற்கிறவரிடம் சொல்வதுதான் கஷ்டம். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது புரியும்.

தென்காசியில் நான் இருக்கிற கடையில் பில் போடத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அவள் எல்.கே.ஜி. போனதும் இந்த வேலை. பில் போட்டுக்கொண்டே, பக்கத்தில் அசெம்பிள் பண்ணுகிறவரைப் பார்த்துப் பார்த்து நானும் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன். குற்றாலச் சாரல் தொடங்குகிற நேரத்தில் அவர் சென்னைக்குப் போய்விட்டார். வாசலைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்த முன்மேசை காலியானது. வாங்க வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து, 'கையில இவ்வளவுதான் இருக்கு, கேம் ஓடணும், என்னென்ன வாங்கலாம்' என்று கேட்கிற மேசை. பில் போடுகிறவளிடம் 'கொறைச்சுப் போடு' என்பார்கள். முன்மேசையில் இருக்கிறவரிடம்தான் 'எது நல்லது' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என்னிடம் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. முதலாளி அண்ணாச்சியிடம் வாய்விட்டே கேட்டேன்.

"சாரல் முடியட்டும் செல்வி. அதுவரைக்கும் ரெண்டையும் பாரு. புகார் வராம ஓட்டிட்டேன்னா அந்த நாற்காலி ஒனக்குத்தான்."

எலுமிச்சைக்காரர்

புளியங்குடியிலிருந்து ஒரு கமிஷன் கடைக்காரர் வந்தார். எலுமிச்சை வியாபாரம். காலேஜுக்குப் போகிற மகளுக்கு முதல் கேமிங் கம்ப்யூட்டர். மகள் விவரமாகத்தான் கேட்டாள். ப்ராசஸர், அது உட்காருகிற போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அவர் சொன்ன தொகைக்குள் அழகாக அமைந்துவிட்டது. அப்போதுதான் அவர் கண் ஷெல்பில் இருந்த, சாமானெல்லாம் உள்ளே மாட்டுகிற கண்ணாடி கேபினெட்டில் விழுந்தது. உள்ளே வரிசையாக ஃபேன், ஒவ்வொன்றிலும் கலர் லைட். அது வேண்டும், ஆனால் மொத்தம் ஏறக்கூடாது. எதைக் குறைக்கலாம் என்று தேடியவர் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கை வைத்தார். எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. உள்ளே ஒளிந்து கிடக்கும், வீட்டுக்கு வருகிற சொந்தக்காரன் எவனும் பார்க்கமாட்டான். பேர் தெரியாத மலிவுச் சரக்கு போதும் என்றார்.

"அண்ணாச்சி, கேம் ஓடும்போது கார்டு இழுக்க இழுப்புக்கு இது தாங்காது. லாரிக்கு எஞ்சினக் கொறைச்சுப் பெயிண்டக் கூட்டுவீங்களா?" என்று கேட்டேன். கல்லாவிலிருந்த முதலாளி 'கேட்டதைக் கொடு' என்று கண்ணைக் காட்டினார். புளியங்குடிக்காரர் கோபப்படவில்லை. எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "எலுமிச்சையில மொத நெறத்தத்தாம்மா பாப்பான். சாறெல்லாம் வீட்டுக்குப் போன பொறவுதான்."

ஆம்பளையாளு

செங்கோட்டைக்காரர் ஒருவர் தன் போர்டில் சொருகுகிற மெமரித் துண்டு, ராம், வாங்க வந்தார். அவர் கையில் எடுத்தது புது வகை ராம். போர்டோ பழைய வகை. நடுவில் இருக்கிற வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், குத்தி ஏற்றினாலும் உட்காராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ராமைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்தார். "சார் யாரும் இல்லையா?" முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். "அப்ப நிக்கேன்" என்றார்.

அந்த நேரம் பார்சலோடு கூரியர்க்காரத் தம்பி வந்தான். செங்கோட்டைக்காரர் நேராக அவனிடம், "தம்பி, இந்த போர்டுக்கு இதுதான் சேருமாம்லா, சரிதானா?" என்றார். அவன் என் கையைப் பார்த்தான், ராமைப் பார்த்தான், "ஆமா சார்" என்று தலையாட்டினான். அவர் அடுத்த நிமிடம் காசை எடுத்து நீட்டிவிட்டார். ஆள் படி இறங்கியதும், "ஏலே, ஒனக்கு ராம்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டே சொன்னான்: "எனக்கு என்னத்தக்கா தெரியும்? மழை வருதுல்லா, சீக்கிரம் போவணும்னு தலைய ஆட்டுனேன்."

சூட்கேஸில் வந்த கம்ப்யூட்டர்

கடையநல்லூரிலிருந்து ரஹ்மத் அக்கா ஒரு துணிப்பையோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். மச்சினனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அங்கே விலை மலிவு என்று ஊருக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். போர்டு ஒருவர் சூட்கேஸில் பெட்ஷீட்டுக்கு நடுவில் வந்தது. ப்ராசஸர் இன்னொருவரின் பேரீச்சம்பழ டப்பாவுக்குள். ராம் மூன்றாவது ஆளின் கைப்பையில். ஒவ்வொரு தடவையும் அங்கே கடையில் நின்றவனிடம் 'நல்லதாக் கொடு' என்றுதான் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவனும் நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறான்.

எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். ப்ராசஸரும் போர்டும் சேர வேண்டுமென்றால் ஒன்றில் முள் இருக்கும், மற்றதில் அது உட்கார இடம் இருக்கும். இந்தப் போர்டு புது வகை, முள் அதில். ப்ராசஸர் பழைய வகை, முள் அதிலும். ராம் மட்டும் ப்ராசஸருக்கு ஒத்துவரும். "பழைய வகை போர்டு ஒண்ணு மட்டும் இங்கன வாங்குனாப் போதும்க்கா, இந்த ரெண்டும் அதுல சேந்துரும்" என்றேன். ஒரு முழு செட்டை விட்டுவிட்டாளே என்கிற வருத்தம் முதலாளி முகத்தில் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரருக்கு வீடியோவில் போன் போட்டு என்னிடம் நீட்டினார். அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து, நான் காட்டியதையெல்லாம் அவர் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒவ்வொருத்தனும் அவன் சாமானக் கொறைச்சுக்கிட்டு நம்ம சாமானக் கொண்டாந்தான் தங்கச்சி. கொஞ்சம் அமுக்கித்தான் பாருங்களேன்."

கருப்புத் திரை

இது சின்னக் கதை. கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் காட்டுகிற ப்ராசஸர் உண்டு, காட்டாததும் உண்டு. காட்டாதது கொஞ்சம் மலிவு. பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் மலிவானதை எடுத்துக்கொண்டு, கார்டை தீபாவளிக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதுவரை திரையில் ஒன்றும் வராது என்று சொன்னேன். "கேம்தானே வராது, பரவால்ல" என்று எடுத்துப் போனார். மறுநாள் பெட்டியோடு வந்தார். ஃபேன் சுற்றுகிறது, சத்தம் கேட்கிறது, திரை கருப்பு. நேற்று சொன்னதையே திரும்பச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்ப தீபாவளி வரைக்கும் இது என்ன, ரேடியோவா?"

லாட்ஜில் இரண்டு பெட்டி

குற்றாலத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். வந்த கூட்டம் அறையில் அடைந்து கிடந்து ஊருக்குக் கிளம்பப் பார்க்கும். ஒரு லாட்ஜ் மேனேஜருக்கு யோசனை வந்தது. இரண்டு கேமிங் பெட்டி வாங்கிப் போட்டால், பிள்ளைகள் விளையாடும், ஆட்கள் இன்னொரு நாள் தங்குவார்கள். நல்ல யோசனைதான். "சாரல் அடிக்க எடத்துல வைக்காதீங்க சார், ஈரம் ஆகாது, உள்ள காஞ்ச ரூம்ல வைங்க" என்று அனுப்பினேன்.

அவர் வராந்தாவில் வைத்தார். எண்ணெய்க் குளியல் போகிறவர்கள், மசாஜ் முடிந்த கையோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது போகட்டும். கேபினெட்டின் பின்பக்கமும் மேல்பக்கமும் சூடான காற்று வரும் அல்லவா? இரண்டு பெட்டியும் கடைக்குத் திரும்பி வந்தபோது, ஒன்றுக்குள் துணிநூலும் தண்ணீருமாக இருந்தது. போர்டு போயே போய்விட்டது. மேனேஜர் என்னிடம் பேசவில்லை. முதலாளியிடம்தான் சொன்னார்: "காத்து சூடா வருதேன்னு வந்தவுக துண்டக் காயப் போட்டுட்டாவ. போடக்கூடாதுன்னு ஒங்க கடைப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி."

இரண்டாவது புகார்

அந்தச் சூடு ஆறுமுன்னே எலுமிச்சைக்காரர் வந்துவிட்டார், மகளோடும் பெட்டியோடும். லைட் எல்லாம் ஜோராக எரிகிறது. கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மொத்தமாக அணைந்துவிடுகிறது. முன்மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம், அதேதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இந்தப் பிள்ள என்ன எடுத்துக் கொடுத்துச்சோ அதத்தான் வாங்குனேன்" என்றார். லாரி எஞ்சின், பெயிண்டு எல்லாம் அவருக்கு மறந்தேபோயிருந்தது. முதலாளிக்கு மறந்திருக்காது, கண்ணைக் காட்டியவரே அவர்தான். அவர் மேசையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் அங்கேதான் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை லாபம் இல்லாமல் மாட்டிக் கொடுத்தேன். சிக்கல் இல்லாமல் ஓடியது. அவர் வண்டி பார்க்க வெளியே போனதும் அந்தப் பெண் என் பக்கம் வந்து குனிந்தாள். "எக்கா, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா முன்னால எப்படிக்கா சொல்ல?"

நாற்காலி

அருவியில் தண்ணீர் நூலாகிப்போன ஒரு காலையில் கடைக்கு வந்தால், முன்மேசையில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். முதலாளியின் மச்சான் மகன், கார்த்திக். எஞ்சினியரிங் படித்தவன். நல்ல பிள்ளைதான், எழுந்து நின்று "வாங்கக்கா" என்றான். முதலாளி என்னை உள்ளே கூட்டிப்போனார். காலி டப்பா அடுக்கின ஷெல்புக்குப் பின்னால் புது மேசை, புது விளக்கு, காந்தம் வைத்த திருப்புளி செட். இனி பில்லும் நான் போட வேண்டாமாம், அசெம்பிள் மட்டும் போதுமாம். "ரெண்டு புகார் வந்துட்டுல்லா செல்வி. ஓம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா பொம்பளப்பிள்ள சொன்னா வாரவனுக்கு மண்டையில ஏறமாட்டேங்கு. நீ இவங்கிட்டச் சொல்லு, இவன் அவங்ககிட்டச் சொல்லட்டும். மூளை ஒன்னுது, மொகம் மட்டும் இவனுது" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற என் மகளுக்குத் தூங்க இங்கே இடமிருக்கிறது என்பதையும் ஒரு சலுகைபோலச் சொன்னார்.

அன்றைக்கே ஒருவர் வந்தார். சின்ன கேபினெட், பெரிய கார்டு, இரண்டும்தான் வேண்டும் என்று பிடிவாதம். கார்த்திக் உள்ளே வந்து என்னிடம் கேட்டான். நான் ஸ்கேலை வைத்து அளந்து, நுழையாது, ஒரு அளவு பெரிய கேபினெட் எடுக்கச் சொல் என்றேன். அவன் வெளியே போய், "உள்ள நுழையாது சார், கேபினெட்ட மாத்திருவோம்" என்றான். அவ்வளவுதான். ஏன், எதற்கு, சார் இல்லையா, ஒன்றும் கிடையாது. வந்தவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். முதலாளி சொன்னது அப்படியே பலித்துவிட்டதுதான் எனக்கு எரிந்தது. டப்பா இடுக்கு வழியாக வாங்க வந்தவரின் குரல் கேட்டது: "இப்படி வெவரமான ஆள மொதல்லயே போட்டிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

ஆகையால், முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கத் தென்காசிக்கு வருகிறவர்களே, முன்மேசைத் தம்பி "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போனால் கொஞ்சம் பொறுங்கள், எதோடு எது சேரும் என்பதை, நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடித்ததும் அவன் உங்களுக்கு விவரமாகச் சொல்லுவான்.