முத்தல் இலை

தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் நான் செய்த வேலை, தூள் நிரப்பிய பைகளின் மீது குறி இடுவது. எழுத்துகள் வெட்டப்பட்ட தகட்டைப் பையின் மேல் வைத்து, மை தோய்ந்த உருளையை ஒருமுறை ஓட்டினால் தோட்டத்தின் பெயரும் தூளின் தரமும் பதிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்திராத நான், என் கையால் பதித்த எழுத்துகள் கடல் கடந்து போகின்றன என்று எண்ணிப் பெருமை கொண்டதுண்டு. பின்னர் என் மகளும் கடல் கடந்து போனாள். அதன்பின் அப்பெருமையைப் பற்றி நான் பேசுவதில்லை.

உருளையை நனைக்க மை தடவி வைத்திருந்த தகரத்தின் மேல் ஒருநாள் சன்னல் வழியாக ஒரு முள்முருங்கை இலை வந்து விழுந்தது. அதை எடுத்தெறிய மறந்து, கிழிந்த பைத்தாள் ஒன்றை அதன் மீது வைத்துவிட்டேன். தாளைத் தூக்கியபோது கருமையின் நடுவே ஓர் இலை வெள்ளையாக நின்றது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இலைகளைப் பதிக்கும் பழக்கம் எனக்கு அவ்வாறு வந்ததே தவிர, எவரிடமும் கற்றதன்று.

ஓய்வு பெற்ற பிறகு அதற்கு நேரம் கிடைத்தது. பதுளை நகரில் ஓர் அச்சகத்தில் கறுப்பு மை வாங்கினேன். பழைய சன்னல் கண்ணாடி ஒன்று தகரத்தின் இடத்தைப் பிடித்தது. பெரணியும் காட்டுச் சூரியகாந்தியும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலேயே கிடைத்தன. பூவில் நீர் மிகுதி. பறித்தவுடன் வைத்தால் மையைக் கலைத்துவிடும். செய்தித்தாள்களுக்கு நடுவே இரண்டு நாள் அழுத்தி வைத்த பிறகே அது பணியும். ஒவ்வொரு முறையும் மையைப் புதிதாகத் தடவ வேண்டும். அதே படம் மறுபடி வாராது.

மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். இரண்டு ஆண்டு என்று சொல்லிப் போனவள். இப்போது ஆறாவது ஆண்டு. அந்த வீட்டில் கூடம் நிறையச் செடிகள் இருக்கின்றனவாம். எல்லாம் பிளாஸ்டிக். வாரம் ஒருமுறை துணியால் துடைப்பது அவள் வேலை.

"அப்பா, நம்ம மலையில ஏதாச்சும் ஒரு எல அனுப்புங்களேன்" என்று ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டாள்.

"போட்டோ எடுத்து அனுப்பவா?"

"போட்டோ போனுக்குள்ளதானேப்பா இருக்கும். கையில வச்சிக்கிற மாதிரி ஒண்ணு."

உலர்ந்த தேயிலை இலையொன்றைக் கடிதத்துக்குள் வைத்து அஞ்சலில் அனுப்பினேன். உறையைப் பிரித்தபோது பொடியாக இருந்தது என்றாள். "தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிறலாம்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது அழுகையை மறைக்கும்போது அவளுடைய தாய் சிரிக்கும் சிரிப்பு.

அடுத்த லயத்துப் பெண்ணொருத்தி அதே ஊருக்கு வேலைக்குப் புறப்படவிருந்தாள். வியாழக்கிழமை காலை பசறை பஸ்ஸில் போகிறாள். "தாளுன்னா குடுங்க மாமா, பாரமில்ல" என்றாள். இலை தாங்காவிட்டால் அதன் பதிவு தாங்கும் என்று துணிந்தேன். அப்போது என்னிடம் நல்ல தாள்கள் மூன்றே இருந்தன. மை, குழாயின் அடியில் ஒட்டியிருந்ததுதான்.

புதன்கிழமை பிற்பகல் என் மனைவியிடம் தேயிலை பறித்து வரச் சொன்னேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். மடி நிறையக் கொண்டுவந்தாள். அத்தனையும் இரண்டிலை ஒரு மொட்டு. ஒன்றைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். இளங்கொழுந்து நசுங்கிச் சாறு பரவி, தாளில் ஒரு கறைதான் விழுந்தது. ஒரு தாள் போயிற்று.

"கொழுந்து வேணாம் புள்ள. நரம்பு ஏறின முத்தல் எலயா பாத்து எடு."

"முத்தலா? அத எவ பறிப்பா?"

உடன் சென்றேன். செடியருகே நின்று அவள் கையை நீட்டினாள். விரல்கள் அகன்ற பச்சை இலைகளைத் தாண்டி, தாமாகவே மேலேறிக் கொழுந்தைக் கிள்ளின. இரண்டாம் முறையும் அப்படியே. முத்தல் கலந்தால் நிறுக்கும் மடுவத்தில் கொழுந்தைக் கீழே கொட்டிவிடுவார்கள் என்ற அச்சம் அந்த விரல்களில் இன்னும் இருந்தது.

"கை வர மாட்டேங்குதுங்க" என்றாள். பிறகு முகத்தைப் பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு முத்தல் இலையைக் காம்போடு ஒடித்தாள். "கங்காணி பாக்கலியே?"

அவள் வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

கண்ணாடியில் மையை மெல்லியதாக ஓட்டி, இலையை நரம்புப் பக்கம் கீழாக வைத்து, இரண்டாவது தாளை மேலே விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, வெறுமையாக வந்தது. பின்பு இலையை நகத்தால் மெதுவாகத் தூக்கி அகற்றிவிட்டு, கண்ணாடியில் எஞ்சியிருந்த மையின் மீது கடைசித் தாளை வைத்தேன். அதில்தான் எல்லாம் இருந்தது: நடுநரம்பு, கிளைநரம்புகள், விளிம்பின் சிறுபற்கள், பூச்சி அரித்த ஓட்டை. இலையை எடுத்த பிறகே அதன் உள்ளமைப்பு தெரிகிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அன்று தாளைச் சன்னலோரம் கொண்டுபோய் மீண்டும் பார்த்தேன்.

"ரெண்டுல எத அனுப்புறீங்க?"

"நரம்பு உள்ளத."

வெள்ளையாய் நின்றதை அவள் நாட்காட்டி ஆணியில் மாட்டினாள். நான் மாட்டச் சொல்லவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து மகளிடமிருந்து அழைப்பு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். தடவிப் பார்த்தால் விரலில் இலேசாகக் கறுப்பு ஒட்டுகிறதாம். அச்சக மை அவ்வளவு விரைவில் காய்வதில்லை. அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

பிறகு, "அம்மா இருக்காங்களா?" என்றாள். தொலைபேசியை மனைவியிடம் நீட்டினேன். "ஏம்மா, முத்தலப் பறிச்சிருக்க! மடுவத்துல கொட்டிறப் போறாங்க" என்றாள்.

என் மனைவி தொலைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"அப்ப நீயே வந்து நல்லதா பறிச்சிக் குடு."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. எங்கோ தண்ணீர் விழும் ஒலி கேட்டது. யாரோ அவளை வேறு மொழியில் கூப்பிட்டார்கள்.

"வர்றேம்மா" என்றாள்.

அந்த 'வர்றேன்' எங்களுக்கா, அவளைக் கூப்பிட்ட அந்த வீட்டாருக்கா என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் சொன்னதுதான் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பதுளைக்குப் போனபோது புதுக் குழாய் மை ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.