குனிந்தால் வரும் மயக்கம்

பட்டர்வொர்த் கண்டெய்னர் துறைமுகத்தில் பிச்சைமுத்து கிரேன் ஓட்டினார். தினமும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய், பத்து மாடி உயரத்தில் தொங்கும் கண்ணாடி அறைக்குள் ஏறி உட்காருவார். அந்த அறையின் தரையும் கண்ணாடிதான். கப்பலிலிருந்து தூக்கிய பெட்டியை லாரியின் மேல் இறக்க, இரண்டு கால்களுக்கும் நடுவே குனிந்து கீழே பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடங்களில் அவர் ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை.

1986-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தக் குனிவு அவரைப் படுத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் குனிந்தால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். பின்னால் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும். சாயங்காலங்களில் லேசாகக் காய்ச்சல் அடித்தது. உடம்பு இளைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ஏப்ரலில் ஒரு காலை, பெட்டி லாரிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது பிச்சைமுத்துவுக்கு நினைவு தப்பியது. சில நொடிகள்தான். கண் விழித்தபோது வாக்கி டாக்கியில் யூசுப் கத்திக்கொண்டிருந்தார். கீழே நின்று சைகை கொடுப்பவர் அவர்.

"அண்ணே! முத்தண்ணே! என்னாச்சு? பெட்டி அப்படியே இருக்கட்டும், அசைக்காதீங்க!"

கைப்பிடியிலிருந்து கை விலகியதும் கிரேன் தானாக நின்றிருந்தது. லாரியை நகர்த்தச் சொல்லிவிட்டு, பெட்டியை மெல்லத் தரையில் இறக்கினார் பிச்சைமுத்து. பிறகு நின்று நின்று ஏணியில் இறங்கி வந்தார்.

"நா இனிமே ஏற மாட்டேன் தம்பி. கீழ ஆளுங்க இருக்காங்க."

மயக்கம் வந்ததாக அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு ஏறினார் என்ற பேச்சு கேண்டீனில் கிளம்பி, அவர் குடியிருந்த அடுக்குமாடிவரை வந்து சேர்ந்தது. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. அதை எடுத்துச் சொல்லிச் சண்டை போடவும் அவருக்குத் தெம்பில்லை.

யூசுப் மட்டும் விடவில்லை. ஊரில் இதய நோய் பார்க்கும் டாக்டர் கனகசுந்தரத்திடம் அவரை இழுத்துக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த டாக்டர், வீட்டுத் தமிழிலேயே பேசினார்.

"மயக்கம் வரேக்க என்ன செய்துகொண்டிருந்தீங்கள்?"

"குனிஞ்சு கீழ பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர்."

"அப்பிடியே இருந்து காட்டுங்கோ."

பிச்சைமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து குனிந்தார். டாக்டர் அந்த நிலையிலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். படுத்திருந்தபோது இல்லாத ஒரு சத்தம் இப்போது கேட்டது.

அந்த வாரமே நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில், இதயத்தின் இடது மேல் அறையில், காம்பில் தொங்கும் பழம்போல ஏதோ ஆடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கீழே இருந்த வால்வுக்குள் போய் விழுந்து, திரும்பி வந்தது.

"கட்டிதான்," என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த பிச்சைமுத்துவின் மனைவி புஷ்பவள்ளி திரையிலிருந்து திரும்பினாள். "கேன்சரா டாக்டர்?"

"பார்த்தால் அப்பிடித் தெரியேல்ல. இந்த மாதிரிக் கட்டி அனேகமாப் பரவாது. எடுத்துச் சோதிச்சாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். ஆனா இருக்கிற இடம்தான் சரியில்ல. இவர் குனியேக்க போய் வழிய அடைக்குது. துண்டு உடைஞ்சு மூளைக்குப் போனா கை கால் விழுந்திடும். மருந்தில கரையாது. நாள் கடத்தாமக் கெதியா வெட்டி எடுக்கவேணும்."

"நெஞ்சைத் திறந்தா?"

"ஓம். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவினம். அதுவரைக்கும் மெஷின் ரத்தத்தை ஓட்டும்."

நான்கு நாளில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் புஷ்பவள்ளி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எல்லாரும் பேசினப்ப, நானும் ஒரு நாள் துவைக்கப் போட்ட உங்க சட்டைய மோந்து பாத்தேன்."

பிச்சைமுத்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனசு வலித்தது. தன் மனைவிகூடச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"என்ன வாசம் அடிச்சிச்சு?" என்று கடைசியில் கேட்டார்.

"கிரீஸ் வாசம்தான்."

"அது போகாது லா," என்று சொல்லிவிட்டு, ஒரு சுளையை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் அழுதுகொண்டே தின்றாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. கோழி முட்டையளவு இருந்த கட்டியை, அது ஒட்டியிருந்த சுவரின் சிறு பகுதியோடு சேர்த்து எடுத்தார்கள். பத்து நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. மறுபடி வளர்கிறதா என்று வருடா வருடம் ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள்.

வேலைக்குத் திரும்பியவரை ஒரு வருடம் தரையிலேயே வைத்திருந்தார்கள். யூசுப்போடு நின்று சைகை கொடுத்தார். தண்ணி என்று பேசியவர்களில் ஒருவர் வந்து வருத்தம் தெரிவித்தார். மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் பேசினார்கள். அவரும் அப்படியே பேசினார். மறு வருட ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ஏறலாம் என்று மருத்துவச் சான்றிதழும் வந்தது.

மேலே போய் உட்கார்ந்ததும் உள்ளங்கை வியர்த்தது. மெதுவாகக் குனிந்தார். கீழே லாரி தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தும் தெளிவாகவே இருந்தது.

"அவசரமில்ல லா அண்ணே," என்றார் யூசுப் வாக்கி டாக்கியில்.

முதல் பெட்டியை இறக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமாயிற்று. லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். பிச்சைமுத்து அடுத்த பெட்டிக்குக் கிரேனைத் திருப்பினார்.