அன்பார்ந்த கணவாய் அவர்களுக்கு

நூலக வேலை என்பது வாயைத் திறக்காமலே பார்க்கக்கூடிய வேலை என்று நம்பித்தான் நான் இதில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆம்பளைகள் நாலு பேர் நின்றால் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே கூச்சம். எங்கள் கடற்கரை ஊர்க் கிளை நூலகத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும், பேப்பரை மேசையில் விரிக்க வேண்டும், புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று வயது மகள் ஜெனியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டே பார்க்கலாம். இப்படி ஒரு வேலை வேறு எங்கே கிடைக்கும்?

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. நூலகர் சுப்பையா சார் ஆழ்வார்திருநகரிக்காரர். இரண்டு கிளைக்கு அவர் ஒருத்தர்தான், எங்களுக்குப் பாதி நாள். அவர் சொன்னார்: "சகாயம், இனி எல்லாம் ஆன்லைன். மாசக் கடைசிக்குள்ள இதுல ஆள் நடமாட்டம் தெரியணும். தெரியலன்னா இந்தக் கிளைய மூடி டவுனோட சேத்துருவாங்களாம்." டவுனில் கூட்டிப் பெருக்க ஏற்கனவே ஆள் இருக்கிறது. பிள்ளையோடு வாம்மா என்று எவரும் கூப்பிடப் போவதும் இல்லை. ஆகவே மவுசைப் பிடித்தேன். கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கிற என் இனத்தாரே, மேற்கொண்டு நடந்ததை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பூட்டு இங்கன, சாவி பஸ்ஸில்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஓடிபி கேட்கும். அது சாருடைய செல்லுக்குப் போகும். சார் அந்த நேரத்தில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார். நான் போன் போடுவேன். அவர் ஒரு கையால் சட்டைப்பையைத் துழாவி எண்ணைச் சொல்வார், பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்கும். பேப்பர் படிக்கிற ஆம்பளைகளுக்கு நடுவில் "கேக்கல சார்" என்று கத்த எனக்குக் கூச்சம். வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஓடி வருவேன். வழியில் ஜெனி, "அம்மா, பிஸ்கட்டு" என்பாள். அவ்வளவுதான், எண் போய்விடும். இருந்ததைத் தட்டினால் நேரம் முடிந்துவிட்டது என்று வரும்.

சூசை அண்ணாச்சி என்று ஒருவர். படகை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தினமும் பேப்பருக்கு வருகிறவர். நான் வாசலுக்கும் மேசைக்குமாக அலைவதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏளா சகாயம், நங்கூரத்தக் கடல்ல போட்டுட்டு, கயித்த வீட்டுல வச்சிட்டு வந்தவன்தான் இதச் செஞ்சிருப்பான்."

மீனுக்கு ஒட்டிய சீட்டு

அடுத்து ஸ்கேனர் வந்தது. புத்தகத்தில் கோடு போட்ட சீட்டை ஒட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கிற அதை நீட்டினால் பீப் என்று சத்தம் வரும், புத்தகத்தின் பெயர் திரையில் வரும். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கும் ஜெனிக்கும் ஒரே ஆசை. நான் புத்தகத்தில் ஒட்ட ஒட்ட, அவள் நாற்காலியில், சுவரில், தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு போனாள்.

மீன் விற்கிற ரோசம்மா சித்தி மத்தியானம் கூடையோடு வந்து எங்கள் காற்றாடிக்குக் கீழே உட்காருவார். அன்றைக்குக் கூடையில் ஒரு சீலா மீன் மேலாகக் கிடந்தது, அதன் வயிற்றில் ஜெனியின் கைவண்ணம். நான் பதறிப்போய் உரிக்கப் போனேன். சித்தி தடுத்தார். "இரி, அடிச்சுத்தான் பாரேன், என்ன வெல சொல்லுதுன்னு." அடித்தேன். பீப். 'வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி' என்று திரையில் வந்தது, பதினைந்து நாள் வைத்துக்கொள்ளலாம் என்றும் வந்தது. சித்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பதினஞ்சு நாளெல்லாம் தாங்காது அண்ணாச்சிமாரே, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க, நாளைக்கு நாறிரும்."

நெற்றி மட்டும்

ஆன்லைனில் பயிற்சி வைத்தார்கள். எல்லாக் கிளைக்காரர்களும் திரையில் புறாக்கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலதிகாரி மேடம் நடுக்கட்டத்தில். என் முகத்தை இத்தனை பேர் பார்ப்பதா என்று நான் கேமராவை மேலே மேலே தூக்கிவிட்டதில், என் கட்டத்தில் நெற்றியும் வகிடும் மட்டும் மிஞ்சின. நிம்மதியாக இருந்தது.

மைக்குக்கும் ஒரு பூட்டு உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது. மேடம் முக்கியமான இடத்துக்கு வந்தபோது ஜெனி என் சேலையை இழுத்து, "அம்மா, ஆய் வருது" என்றாள். கூண்டில் இருந்த எல்லாப் புறாவும் ஒரே நேரத்தில் குலுங்கின. மேடம் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "கடற்கரைக் கிளையில் நெற்றி மட்டும் தெரிகிற அம்மா, எழுந்து போய்ப் பிள்ளையைப் பாருங்கள், புத்தகம் காத்திருக்கும், அது காத்திருக்காது."

கதவில் ஒட்டியது

ஆள் நடமாட்டத்தைக் காட்ட ஒரு வழி வைத்திருந்தார்கள். கதவில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். உள்ளே வருகிறவர்கள் செல்லைக் காட்டி ஒரு தட்டு தட்டினால் வருகை ஏறும். ஒருவரும் தட்டவில்லை. "தட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் என்னவெல்லாமோ படிப்பார்கள், கதவில் ஒட்டியதை மட்டும் படிக்க மாட்டார்கள். மேசை நிறைய ஆள் இருக்கும், திரையில் 'இன்றைய வருகை: ஒன்று' என்று இருக்கும். அந்த ஒன்று நான்.

மாசம் பாதி ஓடிவிட்டது. எனக்காக ரோசம்மா சித்திதான் ஒருநாள் சத்தம் போட்டார், எல்லோரும் தட்டுங்க, இல்லாட்டி இந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும் என்று. சூசை அண்ணாச்சி பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார்: "நான் வந்தது எனக்குத் தெரியும், சகாயத்துக்குத் தெரியும், மேல இருக்க ஆண்டவருக்குத் தெரியும். இன்னும் யாருக்குளா தெரியணும்?"

ஊர் முழுக்க அந்தோணி

வருகைதான் ஏறவில்லை, உறுப்பினர்களையாவது ஏற்றுவோம் என்று பழைய அட்டைகளை எடுத்துவைத்து, பெயரையும் செல் எண்ணையும் ஒரு விரலால் தட்டினேன். அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தோணி, மீதியில் பாதி மிக்கேல், அதற்கும் மீதி சூசை. இரண்டாவது அந்தோணியை ஏற்றும்போதே கம்ப்யூட்டர், இவர் ஏற்கனவே இருக்கிறாரே என்று மறித்தது. பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. ஆளை எனக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று, ஊர் அவர்களை எதைச் சொல்லிக் கண்டுபிடிக்குமோ அதை அதில் போட்டேன். ஒல்லியாக இருக்கிற அந்தோணி, நெத்திலி. சண்டையில் கணவாய் மீன் மாதிரி வார்த்தையை மையாகப் பீச்சிவிட்டு ஓடிவிடுகிற அந்தோணி, கணவாய். தொட்டால் வயிறு ஊதிக்கொள்ளும் மீன் ஒன்று உண்டு, பேத்தை. அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது, அதை முகத்துக்கு நேரே சொல்கிற ஆளும் கிடையாது. நான் ஒருத்திதானே பார்க்கப் போகிறேன் என்ற தைரியத்தில் ஏற்றிக்கொண்டே போனேன். சார் வந்து சரிபார்த்தார். ஆற்றங்கரை ஆளுக்கு இது என்ன தெரியும்? மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டார்: "பரவாயில்லையேம்மா, எங்க பக்கம் வீட்டுப் பேரெல்லாம் வயக்காட்ட வச்சி இருக்கும், உங்க பக்கம் பூரா மீனா இருக்கு."

ஒரே ஒரு தட்டு

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பொத்தானைக் கண்டேன். 'அனைவருக்கும் நினைவூட்டல் அனுப்பு.' எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. பேச வேண்டாம், கெஞ்ச வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மாதாவை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

முதலில் சூசை அண்ணாச்சியின் செல்தான் மணியடித்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்: 'அன்பார்ந்த பேத்தை அவர்களுக்கு, நூலகம் தங்களை அன்புடன் எதிர்பார்க்கிறது.' அந்தக் காலிக் கட்டத்தில் இருப்பதைத்தான் கம்ப்யூட்டர் எடுத்து அனுப்பும் என்று யார் கண்டது? மேசையில் இருந்த அத்தனை பேரும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள், பேப்பர்கள் நடுங்கின. அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எவனுக்கோ போகவேண்டியது எனக்கு வந்துட்டுளா. யாரு அந்தப் பேத்தை?"

புகார் வரிசை

கடற்கரை ஏலக்கூடத்தில் எல்லாச் செல்லும் ஒன்றாக அடித்ததாம். ஏலம் போட்டவர் கேட்ட விலையை மறந்துவிட்டாராம். கொஞ்ச நேரத்தில் ஊர் திரண்டு வந்தது, ஒவ்வொரு கையிலும் செல். முன்னால் கணவாய். நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். "யாருளா இத அனுப்புனது?" என்றார். கம்ப்யூட்டரைக் கைகாட்டினேன். "புகார எங்கன பதியணும்?" என்றார். அப்போது என் தொண்டைக்குள்ளிருந்து, எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எதுக்கு வந்தாலும் மொதல்ல கதவுல பதியணும். பதியாதவங்களுக்கு உள்ள எடம் இல்ல."

பதிந்தார்கள். கோபத்தில் இருக்கிற ஆள் என்ன சொன்னாலும் செய்வான் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். வரிசை தெருமுனை வரைக்கும் போனது. காத்து நின்ற நேரத்தில் ஒருத்தர் செல்லை ஒருத்தர் எட்டிப் பார்த்தார்கள். "ஏலே, நெத்திலி நீதானா" என்று ஒரு குரல். சிரிப்பு அலையாகக் கதவு வரைக்கும் வந்தது. உள்ளே வந்தவர்கள் புகாரை மறந்துவிட்டு, வந்ததற்கு ஒன்று என்று புத்தகம் எடுத்தார்கள். ரோசம்மா சித்தி வரிசையிலேயே கூடையைக் காலி பண்ணினார். சூசை அண்ணாச்சியும் முதல்முறையாகச் செல்லைக் கதவுக்கு நீட்டிவிட்டு, யார் பேத்தை என்று வரிசை நெடுக விசாரித்துக்கொண்டு போனார். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

கடைசி ஆள் மிக்கேல். மற்றவர்கள் சிரிக்க, இவர் மட்டும் முகம் வாடி நின்றார். அவருக்கு என்ன பட்டப்பெயர் என்று எனக்கு ஞாபகம் வராததால் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். செல்லை என் முன்னால் நீட்டினார்: "எல்லாத்துக்கும் பட்டப்பேரு வச்சிக் கூப்புட்டுட்டு எனக்கு மட்டும் வெறும் மிக்கேலாம். ஊருக்குள்ள எனக்கு ஒரு மரியாத கெடையாதா?"

முழு முகம்

மாசக் கடைசிக் கூட்டம். சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பின்னால் வழக்கமான பேப்பர் கூட்டம். ஒவ்வொரு கிளையாகக் கேட்டுக்கொண்டே வந்த மேடம் எங்களிடம் நின்றார். "ஒரே நாளில் இத்தனை வருகையா? நெத்தியம்மா, என்னதான் செய்தீர்கள்?" சார் மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஜெனி என் மடியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. கேமராவை நேராக வைத்தேன். நிமிர்ந்தேன். அந்தோணிகளில் தொடங்கி, கணவாய், நெத்திலி, சூசை அண்ணாச்சிதான் பேத்தை, பொத்தான், வரிசை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு நீளமாக நான் பேசியது கிடையாது. இங்கன இருக்கிறதால்தான் பிள்ளையை வைத்துக்கொண்டு பிழைக்கிறேன் மேடம் என்று சொல்லும்போது அழுதும்விட்டேன்.

கூண்டில் ஒரு புறாவும் அசையவில்லை. மேடம் காதில் கைவைத்துவிட்டுச் சிரித்தார். "மியூட்டில் இருக்கிறீர்கள் அம்மா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரவாயில்லை, முகம் முழுசாகத் தெரிகிறதே. இத்தனை பேர் வருகிற கிளையை ஏன் மூட வேண்டும்? அங்கேயே இருக்கட்டும்." சார் கைதட்டினார். நான் மாதாவுக்கு நன்றி சொன்ன பிறகுதான் உறைத்தது, மேடத்துக்குக் கேட்காதது எனக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கும் என்று. திரும்பிப் பார்த்தேன். சூசை அண்ணாச்சி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கன்னம் இரண்டும் ஊதின, நெஞ்சு ஊதியது. பிறகு அவர் அத்தனை காற்றையும் மெதுவாக வெளியே விட்டார். "அடுத்த வாட்டி அனுப்பும்போது வெறும் பேத்தைன்னு போடாதளா. பேத்தை அண்ணாச்சின்னு போடு."

ஊரார் பெயரையெல்லாம் ஒழுங்காகத் திருத்திவிட்டேன், ஆனால் மேலிடத்துக் கம்ப்யூட்டரில் என் பெயரைத் திருத்தத்தான் ஆளைக் காணோம், மாதம் தவறாமல் 'அன்பார்ந்த நெத்தியம்மா அவர்களுக்கு' என்று வந்துகொண்டிருக்கிறது.