இருபத்தேழு நிமிடப் பக்கம்

லண்டனில் இருபத்திரண்டு வருடம் இசைத்தட்டு வெட்டிய ஈனிட் கார்ஸைட், தன் வீட்டில் ஒரு தட்டுகூட வைத்திருக்கவில்லை. போர்க்காலத்தில் எதிரி விமானச் செய்திகளை ஒட்டுக்கேட்ட காது அது. பிறகு எங்கள் கம்பெனியில் சேர்ந்து, நாடாவில் பதிந்த பாட்டை அரக்குத் தட்டில் ஊசியால் பள்ளமாகக் கீறுகிற வேலைக்கு வந்துவிட்டாள். அந்தத் தட்டிலிருந்துதான் அச்சு எடுப்பார்கள். நான் பக்கத்து அறையில் நாடாக்களைப் பாதுகாக்கிற குமாஸ்தா. அவளிடம் திட்டு வாங்காத நாள் எனக்கு ஞாபகமில்லை.

1974 ஜனவரி. நிலக்கரித் தகராறில் கம்பெனிகளுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் மின்சாரம். அப்படி ஒரு நாளில் ஜூலியன் டிரெம்லெட் வந்தான். ஒரு ராக் குழுவில் ஆர்கன் என்ற கட்டைவாத்தியம் வாசிப்பவன். இருபத்தைந்து வயது, பணக்காரப் பள்ளியில் படித்த பேச்சு, முழங்கால்வரை கம்பளிக் கோட்டு. கூடவே அவன் குழுவின் டிரம்ஸ்காரன் காலின் பாஸ்க். கொண்டுவந்தது ஒரே ஒரு பாட்டு. ஒரு கலங்கரை விளக்கக் காவலனுக்குப் பைத்தியம் பிடிக்கும் கதை. ஐம்பத்துநாலு நிமிடம். தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபத்தேழு.

“இருபத்திரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா பள்ளத்தையெல்லாம் நெருக்கி வைக்கணும். கொசு பாடற மாதிரி கேக்கும்,” என்றாள் ஈனிட்.

“அது உங்க மிஷினோட பிரச்சினை, மேடம்.”

“தட்டோட நடுவுக்குப் போகப்போக இடம் சுருங்கும். நீ கரெக்டா அங்க கொண்டுபோய் ஆர்கனையும் டிரம்ஸையும் கொட்டி வெச்சிருக்க. ஊசி நிக்காது.”

“முழுசாவாவது கேட்டீங்களா?”

“மூணு வாட்டி கேட்டேன், மகாராஜா. ரெண்டு பக்கத்துலயும் பதினாறாவது நிமிஷத்துலேருந்து அஞ்சு நிமிஷம் நீ ஆர்கன்ல ஒத்தை விரலை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்க. அதைத் தூக்கிடு. எல்லாம் சரியாப் போயிடும்.”

காலின் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

“என்னடா சிரிப்பு?” ஜூலியனின் முகம் சிவந்தது.

“இல்ல… குழுவுல மத்த நாலு பேரும் இதையேதான் ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம்.”

ஜூலியன் கதவை அறைந்துவிட்டு மாடிக்குப் போனான். பத்து நிமிடத்தில் மேலாளரோடு திரும்பி வந்தான். ஒரு நொடிகூடக் குறையாமல் வெட்டவேண்டும் என்று உத்தரவு. ஈனிட் ஒரு தாளை நீட்டினாள். “நீ கேட்ட மாதிரியே வெட்டறேன்னு கையெழுத்துப் போடு.” அவன் பாதித் தாளை அடைத்துக் கையெழுத்திட்டான். “இந்தக் கிழவிக்குப் பாட்டுன்னா என்னன்னே தெரியாது,” என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனான்.

மாதிரித் தட்டு அடுத்த வாரம் வந்தது. கடைகளில் விற்கிற சாதாரண ரெக்கார்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்தது போல இருந்தது. இருபத்தாறாவது நிமிடத்தில் ஊசி எகிறிக் குதித்தது.

“வேணும்னே பண்ணியிருக்கா!” ஜூலியன் கத்தினான். “இவளை வெளிய அனுப்புங்க!”

ஈனிட் கையெழுத்துத் தாளை மேலாளர் முன் வைத்தாள்.

திரும்ப வெட்ட நாள் இல்லை. தட்டு அப்படியே கடைக்குப் போய், பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. ஒரு வெறுப்புப் பிடித்த கிழவி தன் படைப்பைக் கொன்றுவிட்டாள் என்று ஜூலியன் வாரப்பத்திரிகையில் பேட்டி கொடுத்தான். குழு கோடைக்குள் உடைந்தது.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். பாட்டு சன்னமாக ஒலிக்கிற இடங்களில் பள்ளத்தைக் கையாலேயே நெருக்கி, முழங்குகிற இடத்துக்கு இடம் மிச்சம் பிடிக்க அவளால் முடியும். மற்றவர்களுக்குச் செய்திருக்கிறாள். இதற்கும் நிமிடவாரியாகக் குறிப்பு எழுதியிருந்தாள். வெட்டின அன்று அந்தக் குறிப்பு அவள் கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை.

ஏன் என்று கேட்டேன்.

“செஞ்சிருக்கலாம்,” என்றாள். “செய்யல. போய் உன் வேலையைப் பாரு.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேட்டிக்குப் பிறகு எந்தக் குழுவும் அவளிடம் வெட்டக் கொடுக்கவில்லை. மறு வருடம் வேலையை விட்டு, கிராய்டனில் காதுக்கருவி செய்கிற தொழிற்சாலையில் சோதிப்பவளாகச் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து அங்கே பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஜூலியன் இப்போது விளம்பரங்களுக்கு வாசிக்கிறான் என்றேன்.

“அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன?” என்றாள். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “ஊசி குதிச்ச இடத்துல அந்த டிரம்ஸ் பையன் என்னமா அடிச்சிருந்தான் தெரியுமா? அந்தப் பாட்டுலயே உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான். அவன் என்ன செய்யறான்?”

தெரியவில்லை என்றேன்.

“விசாரிச்சு வெச்சிருக்கலாமில்ல, மடையா,” என்றாள். பேருந்து வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.